செமா: சுழலும் தர்வேசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூஃபிக் கவிஞர் ரூமியின் வரிகளைப் பகிராதவர் இன்று குறைவு. அந்த வரிகளோடு தவறாமல் ஒட்டிக்கொண்டு வருவது, வெள்ளைப் பாவாடை குடையாக விரியச் சுழலும் ஒரு தர்வேசின், அதாவது சூஃபி அடியாரின், படம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். துருக்கியின் கோன்யா நகரை மையமாகக் கொண்ட மெவ்லவி தரீக்காவின் (சூஃபி வழிமரபின்) முறைதான் இங்கே பேச்சு. மற்றவை வரும் இடத்தில் பெயர் சொல்லிவிடுகிறோம்.

இது டான்ஸா, தொழுகையா? ஒரு வார்த்தைல சொல்லுங்க.

இரண்டும் இல்லை. இதற்குப் பெயர் செமா. 'ஸமா' என்ற அரபுச் சொல்லின் துருக்கி உச்சரிப்பு அது, பொருள் 'கேட்டல்'. சுழல்வதற்கு வைத்த பெயரில் சுழற்சியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறைப்புகழையும் இசையையும் காது கொடுத்துக் கேட்கிறோம், அந்தக் கேட்டலுக்கு உடம்பு பதில் சொல்கிறது என்பது கணக்கு. சுழல்பவருக்குச் செமாசன் என்று பெயர்.

ஐவேளைத் தொழுகைக்கு இது மாற்று அல்ல. எந்த மெவ்லவியும் அப்படிச் சொன்னதில்லை. திக்ரின், அதாவது இறைநினைவின், ஒரு வடிவம் என்று சொன்னால் தமிழ் முஸ்லிம்களுக்குச் சட்டென்று விளங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் செமாசன் உள்ளுக்குள் 'அல்லாஹ்' என்று ஒருமுறை சொல்லிக்கொள்கிறார். வெளியே கேட்காது.

ரூமிதானே இதைக் கண்டுபிடிச்சது?

இல்லை. பாட்டுக் கேட்டு உருகி எழுந்து ஆடும் ஸமா கூட்டங்கள், ரூமி 1207இல் பிறப்பதற்கு முன்பே பாக்தாதிலும் குராசானிலும் இருந்தன. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் ஸமாவுக்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதியிருக்கிறார். 1244இல் ஆன்மிகத் தோழர் ஷம்ஸ் தப்ரேஸி கோன்யாவுக்கு வந்த பிறகு ரூமி ஸமாவில் மூழ்கினார். பொற்கொல்லர் ஸலாஹுத்தீனின் பட்டறையைக் கடந்தபோது சுத்தியல் ஓசைக்குத் தெருவிலேயே சுழலத் தொடங்கினார் என்பது மெவ்லவிகள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர் சுழன்றது கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், தோன்றியபோது.

இன்று நாம் பார்ப்பது ஒழுங்குபடுத்தப்பட்ட சடங்கு. 1273 டிசம்பர் 17 அன்று ரூமி மறைந்தபின், தரீக்காவுக்கு அமைப்பு தந்தவர் மகன் சுல்தான் வலத். சடங்கின் வரிசை பெருமளவு நிலைபெற்றது 15ஆம் நூற்றாண்டில், தரீக்காவின் அன்றைய தலைவர் பீர் ஆதில் செலெபியின் காலத்தில். ஆக, ரூமி இப்படியேதான் சுழன்றார் என்று எந்தச் சுற்றுலா வழிகாட்டி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தலை சுத்தாதா அவங்களுக்கு?

சுற்றும். பழகப் பழகக் குறையும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு இது தெரியும்: சுற்றும்போது அவ்வளவாக ஒன்றுமில்லை, நின்றதும்தான் வீடே சுழலும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் நீர். நாம் சுழலத் தொடங்கும்போது நீர் பின்தங்குகிறது, அதனால் 'சுற்றுகிறாய்' என்று மூளைக்குச் செய்தி போகிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்துக்குள் நீரும் நம் வேகத்தைப் பிடித்துவிடும், செய்தி அடங்கிவிடும். நாம் நின்றபிறகும் நீர் ஓடிக்கொண்டிருக்கும், அப்போது மூளை ஏமாறும். எனவே சீரான வேகம்தான் மருந்து. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறவருக்குக் கிறுகிறுப்பு உறுதி.

இரண்டாவது மருந்து பார்வை. பாலே கலைஞர்கள் தலையை ஒரு புள்ளியில் நிறுத்தி, உடம்பு சுற்றியபின் வெடுக்கென்று திருப்புவார்கள். செமாவில் அது கிடையாது. தலை வலத்தோள் பக்கம் லேசாகச் சாய்ந்து, முகம் சற்று இடப்பக்கம் திரும்பி, கண் இடது கைக் கட்டைவிரலின் மேல் தங்கும். கையும் நம்மோடு சுழல்வதால் கண்ணுக்கு அது அசையாத பொருள். பின்னால் ஓடும் சுவரையோ விளக்கையோ பிடித்துப் பார்க்க முயன்றால் போச்சு. கண்ணை மூடுவதும் தவறு. பக்கத்தில் சுழல்பவர் மீது மோதிவிடுவீர்கள்.

எந்தக் கால் ஊன்றணும், எந்தக் கால் எடுக்கணும்?

இடது கால் ஊன்றுகால். அதற்குத் 'திரெக்' என்று பெயர், அதாவது தூண். முட்டி மடங்காது, பாதம் தரையை விட்டு எழும்பாது. வலது கால் 'சர்க்', அதாவது சக்கரம். நூல் நூற்கும் சர்க்காவும் இதே பாரசீகச் சொல்லின் உறவுக்காரிதான். வலது பாதம் இடது முழங்கால் அளவுக்கு எழுந்து, இடது காலுக்கு முன்பக்கமாகச் சுற்றி வந்து இறங்கும். அந்த உந்தலில் உடம்பு இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராக, ஒரு முழு வட்டம் திரும்பும். ஒரு காலடிக்கு ஒரு வட்டம். கால்வாசி, அரைவாசி என்று துண்டுபோட்டுத் திரும்புவது பயிற்சிக் காலத்தோடு சரி.

கைகள் முதலில் மார்பின் குறுக்கே பின்னி, விரல்கள் எதிர்த் தோளைப் பற்றியிருக்கும். அந்த நிலையில் ஆள் 'ஒன்று' என்ற எண்ணைப் போல, அரபு அலிஃப் எழுத்தைப் போல நிற்கிறார். சுழலத் தொடங்கியதும் கைகள் இடுப்புவரை இறங்கி, மார்பை ஒட்டி மேலேறி, விரியும். வலது உள்ளங்கை வானம் பார்க்கும், இடது உள்ளங்கை மண் பார்க்கும். மேலிருந்து வாங்கிக் கீழே கொடுப்பது, தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதது என்பது இதற்கு மெவ்லவிகள் சொல்லும் பொருள்.

ஆணி அடிச்ச பலகையில் பழகுவாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரப் பலகை. நடுவில் தலை மழுங்கித் தேய்த்த ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். ஆணி பாதத்தில் குத்துவதற்கு அல்ல. இடது காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்தால் ஊன்றுகால் நகர வழியில்லை. பழகுபவர் முதலில் குனிந்து ஆணியை முத்தமிட்டு, ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் உப்பைத் தூவுவார். உப்பு இல்லாமல் வெறும் பாதத்தைப் பலகையில் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். எண்ணெய் தடவினாலோ வழுக்கும். உப்புக் கல் இரண்டுக்கும் நடுவே சரியான அளவில் உருட்டிக் கொடுக்கிறது. வியர்வையையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் நாட்களில் கைகளை விரிக்க விடமாட்டார்கள். தோளைப் பற்றியபடியே கால்வட்டம், அரைவட்டம், பிறகு முழுவட்டம். சில சுற்றுகள், நிறுத்தம், வணக்கம், மறுபடி. எத்தனை வாரம் என்று கேட்பவர்களுக்குப் பொதுவான பதில் கிடையாது; ஊன்றுகால் ஆணியை மறந்து தானாக ஓரிடத்தில் நிற்கும்வரை. அதன்பிறகுதான் கை விரிப்பது, அதன்பிறகு பலகையிலிருந்து தரைக்கு இறங்கி, சுழன்றுகொண்டே மண்டபத்தையும் வலம் வருவது. கோன்யாவில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தர்காவின் சமையலறையில் இந்தப் பயிற்சியை மனித உருவ பொம்மைகள் வைத்துக் காட்டுகிறார்கள். சமையலறையில் ஏன் என்பது அடுத்த கேள்வி.

சமையல்கட்டுல 1001 நாள் வேலை செய்யணுமாமே, அதுக்கும் சுத்துறதுக்கும் என்ன சம்பந்தம்?

சுழல்வதைவிட அதுதான் பெரிய பயிற்சி என்பது எங்கள் கருத்து. பழைய மெவ்லவி மடங்களில் முழுத் தர்வேசாக விரும்பியவர் சமையலறை வாசலருகே ஓர் ஆட்டுத்தோல் விரிப்பில் மூன்று நாள் மண்டியிட்டு அமர்ந்திருப்பார். பேச்சில்லை, தொழுகைக்கும் தேவைக்கும் தவிர எழுந்திருப்பதில்லை. எதிரே வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கப்புறம் 18 நாள், கொண்டுவந்த உடையோடேயே எடுபிடி வேலை. தேறவில்லை என்றால் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். காலையில் அவருடைய செருப்பு, முனை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கும். புரிந்துகொண்டு கிளம்பிவிட வேண்டும்.

தேறினால் 1001 நாள். கழிப்பறை கழுவுவது, பாத்திரம் துலக்குவது, சந்தைக்குப் போவது, விளக்கேற்றுவது என்று வேலைகள் 18 வகை. 18 என்ற எண் மெவ்லவிகளுக்கு நெருக்கமானது. மஸ்னவி என்ற தம் காவியத்தின் முதல் 18 ஈரடிகளை ரூமி தம் கையாலேயே எழுதினார் என்பது அவர்களின் மரபு. நடுவில் அனுமதியின்றி ஓர் இரவு வெளியே தங்கினாலும் கணக்கு முறிந்தது, முதல் நாளிலிருந்து மறுபடி. செமாப் பயிற்சி இதற்கிடையில்தான், அதே சமையலறைத் தரையில் நடந்தது.

செமாசன்கள் நிற்கும்போது வலது கால் கட்டைவிரலை இடது கட்டைவிரலின் மேல் வைத்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 'பாதத்துக்கு முத்திரை வைப்பது' என்று பெயர். அதன் கதையும் சமையலறையில் இருந்துதான் வருகிறது. ரூமியின் சமையற்காரர் ஆதெஷ்பாஸ் வலி ஒருநாள் விறகு தீர்ந்துவிட்டது என்று சொல்ல, 'காலை அடுப்பில் வை' என்றாராம் ரூமி. வைத்தார், விரல்களிலிருந்து சுடர் எழுந்து பானை கொதித்தது. ஒரு கணம் 'சுட்டுவிடுமோ' என்று ஐயம் வந்ததால் இடது கட்டைவிரல் கருகியது. குருவின் கண்ணில் அது படாமலிருக்க வலது விரலால் மறைத்துக்கொண்டாராம். கோன்யாவின் மெராம் பகுதியில் இவருக்கு அடக்கத்தலம் உண்டு. வருகிறவர்கள் வீட்டுச் சமையலில் பரக்கத் (அருள்வளம்) உண்டாகட்டும் என்று அங்கிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போவார்கள்.

அந்தத் தொப்பி, பாவாடைக்கெல்லாம் அர்த்தம் இருக்கா?

உண்டு, எல்லாமே சாவைப் பற்றியது. ஒட்டக ரோமக் கம்பளத்தால் செய்த தேன்நிற உயரத் தொப்பி 'சிக்கே', நான் என்ற அகந்தையின் மீசான் கல், அதாவது கல்லறைக்கல். மேலே போர்த்திய கறுப்பு அங்கி 'ஹிர்கா', கப்ரு, அதாவது புதைகுழி. உள்ளே இருக்கும் வெள்ளைப் பாவாடை 'தென்னூரே', இறந்தவர் உடலைப் பொதியும் கஃபன் துணி. அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுழல எழும்போது ஆள் கப்ரிலிருந்து எழுகிறார். இடுப்பில் ஒரு பட்டை, மேலே குட்டைச் சட்டை, காலில் அடி மெலிந்த தோல் காலுறை. ரப்பர் அடி உள்ள எதுவும் உதவாது, தரையைப் பற்றி முட்டியை முறுக்கும்.

பாவாடையின் கீழ்விளிம்பில் உட்புறமாகக் கம்பளப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கனம்தான் துணியை வெளியே இழுத்து மட்டமாக விரிக்கிறது. கனம் ஒருபக்கம் கூடினால் விளிம்பு குலுங்கும், சுழல்பவர் இடுப்பில் அந்த இழுப்பை உணர்வார். விரிந்த பாவாடையில் மணல்மேடு மாதிரிக் கூர்மையான அலைகள் நிற்பதை 2013இல் இயற்பியலாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புயல்களைத் திருப்பும் அதே கோரியோலிஸ் விசைதான் அங்கும் வேலை செய்கிறது.

முழு நிகழ்ச்சி எப்படிப் போகும்? எப்போ சுத்த ஆரம்பிப்பாங்க?

பலர் பொறுமை இழப்பது இங்கேதான். முதல் இருபது நிமிடம் யாரும் சுழல்வதில்லை. நபிகளைப் புகழும் 'நஅத்' முதலில். 1712இல் மறைந்த இசையமைப்பாளர் இத்ரி அமைத்த மெட்டு, தாளமில்லாமல் தனிக்குரலில் வரும். பிறகு குதூம் என்ற இரட்டைச் செம்புப் பேரிகையில் ஓர் அடி. 'ஆகுக' என்ற இறைக்கட்டளை அது. அதைத் தொடர்ந்து நேய் என்ற நாணற்குழலில் ஆலாபனை. அப்படி உண்டான உலகத்துக்குள் மூச்சு புகுகிறது.

அடுத்தது சுல்தான் வலத் பெயரால் அமைந்த வலம். சபையை நடத்தும் குருவான ஷெய்கின் இடம் சிவப்புச் சாயமிட்ட ஆட்டுத்தோல். அங்கிருந்து எதிர்வாசல்வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. ஷெய்கைத் தவிர வேறு யாரும் அதன்மேல் கால் வைப்பதில்லை. கறுப்பு அங்கியோடு எல்லோரும் இசைக்கேற்ற மெதுநடையில் மண்டபத்தை மூன்று முறை சுற்றி வருவார்கள். ஆட்டுத்தோலைக் கடக்கும் இடத்தில் ஒருவர் திரும்பி, பின்னால் வருபவரை முகத்துக்கு முகம் பார்த்து இருவரும் குனிவார்கள். ஆளை அல்ல, அவருக்குள் ஊதப்பட்ட உயிரை வணங்குவது என்பார்கள்.

அப்புறம் அங்கி விழும். ஒவ்வொருவராக ஷெய்கின் கையை முத்தமிட, ஷெய்கு அவர்கள் தொப்பியை முத்தமிட, சுழற்சி தொடங்கும். 'செலாம்' எனப்படும் நான்கு பகுதிகள். முதலாவதில் படைத்தவனை அறிவது, இரண்டாவதில் படைப்பைக் கண்டு வியப்பது, மூன்றாவதில் காதலில் கரைவது. தாளமும் மாறும்: இரண்டாவது 9 அடித் தாளம், மூன்றாவது 28 அடியில் தொடங்கி, 10க்கும் 6க்கும் மாறி விரைவெடுக்கும். நான்காவது மறுபடி அதே நிதான 9. மூன்றாவதோடு முடித்திருந்தால் கரைந்ததுதான் முடிவு என்று ஆகியிருக்கும். நான்காவதில் இறைவனின் அடிமையாகத் திரும்பி வருகிறார்கள். அதில் செமாசன்கள் மண்டபத்தைச் சுற்றாமல் நின்ற இடத்திலேயே சுழல்வார்கள். ஷெய்கும் அங்கியோடே, அதன் மார்புப் பக்கத்தைக் கையால் பிடித்தபடி, அந்தக் கோட்டின்மேல் மெல்லச் சுழன்று நடுவுக்கு வருவார்.

குர்ஆன் ஓதலும் துஆ என்ற வேண்டலும் ஃபாத்திஹா என்ற குர்ஆனின் முதல் அத்தியாயமும் 'ஹூ' என்ற நீண்ட ஒலியும் கடைசியில். ஓதப்படும் வசனங்களில் 'கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே, நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் முகம்' என்ற கருத்துள்ள 2:115 இருக்கும். சுழன்று முடித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் ஏது?

மொத்தம் எவ்வளவு நேரம்? எவ்வளவு வேகம்?

முழுச் சடங்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். சுழல்வது அதில் பாதிக்கும் குறைவு. வேகம் இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு சுற்று. படங்களில் தெரிவதைவிட மெதுவானது.

ஏன் எப்பவும் இடப்பக்கமாவே?

இதயம் இருக்கும் பக்கம் என்பது விளக்கம். கஅபாவைத் தவாஃப் செய்வதும், அதாவது சுற்றி வருவதும், இதே திசையில்தான். திசையை மாற்றிச் சுற்றினால் கிறுகிறுப்பு தீரும் என்று முயல்கிறவர்கள் உண்டு. அது மேலே சொன்ன உள்காது நீரை இன்னும் குழப்பும்.

சுத்தச் சுத்த மயக்க நிலைக்குப் போயிடுவாங்களா?

போகக் கூடாது. பயிற்சி முழுக்க அதைத் தடுக்கத்தான். ஒருவர் ஒரே நேரத்தில் என்னென்ன கவனிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்: ஊன்றுகால், சுற்றுக்கு ஒரு திருநாமம், தாளம், முன்னால் இருப்பவரிடமிருந்து தூரம், மண்டப வட்டத்தில் தன் பாதை, செலாம் முடியும் கணத்தில் ஷெய்கை நோக்கி நிற்பது. கறுப்பு அங்கியோடு நடுவே நடந்துகொண்டிருக்கும் ஒருவர் செமாசன்பாஷி. யாராவது தடம் விலகினால், வட்டம் நெருங்கினால், சைகையாலேயே திருத்துவார். மயங்கியவரிடம் சைகை எடுபடுமா?

உணர்ச்சி பொங்கி ஓரிருவர் தன்னை மறப்பது உண்டு. மெவ்லவிகள் அதைச் சாதனையாகக் கொண்டாடுவதில்லை. ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைப்பார்கள்.

புதுசா பழகுறவங்க என்னென்ன தப்பு பண்ணுவாங்க?

முதல் தவறு வலது காலை வீசி உதைப்பது. உந்தல் கூடிப்போய் உடம்பு வெளியே தள்ளப்படும், ஊன்றுகால் குதிக்கும். கால் எழ வேண்டும், வீசக் கூடாது. இரண்டாவது, இடது முட்டி மடங்குவது. மடங்கிய முட்டியில் முறுக்கு விழுந்தால் மறுநாள் மாடிப்படி ஏற முடியாது. மூன்றாவது, கைகள் களைத்து இறங்குவது. ஐந்து நிமிடம் கை விரித்து நின்று பாருங்கள், தெரியும். தோளை இறுக்கித் தூக்கினால் இன்னும் சீக்கிரம் களைக்கும். தோள்பட்டையைக் கீழே விட்டு, முழங்கையை லேசாக வளைத்தால் தாங்கும்.

நகர்ந்துபோவதுதான் பிடிவாதமான தவறு. தான் ஓரிடத்தில் நிற்பதாகவே நினைப்பார்கள், அதற்குள் அறையின் மூலைக்குப் போயிருப்பார்கள். எடை முன்பாதத்தில் சாய்வதுதான் காரணம் பெரும்பாலும். தலையை அளவுக்கு மேல் சாய்ப்பதும் இதைச் செய்யும். மருந்து, மறுபடி ஆணி.

துருக்கியிலேயே இது தடைன்னு சொல்றாங்களே?

இரண்டு தடைகள். முதலாவது உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்தில், கடுமைவாத மார்க்க அறிஞர்களின் செல்வாக்கில் 1666இல் வந்து 1684 வரை நீடித்தது. இரண்டாவது குடியரசு வந்தபின். 1925 நவம்பர் 30 அன்று இயற்றப்பட்ட 677ஆம் எண் சட்டம் எல்லாத் தரீக்காக்களின் மடங்களையும் மூடியது. ஷெய்கு, தர்வேஷ் போன்ற பட்டங்களையும் விலக்கியது. கோன்யா தர்கா 1927இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1491இல் தொடங்கிய இஸ்தான்புல் கலாத்தா மெவ்லவி மடமும் இன்று அருங்காட்சியகமே.

1950களில் ரூமி நினைவுநாளுக்குப் 'பண்பாட்டு நிகழ்ச்சி' என்ற பெயரில் செமா மெல்லத் திரும்பியது. யுனெஸ்கோ 2005இல் இதை மனிதகுல மரபின் அரிய படைப்பாக அறிவித்து, 2008இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இன்றும் நீக்கப்படவில்லை. அதாவது, கலை என்றால் அரசு மேடை, தரீக்கா என்றால் சட்டத்தில் இடமில்லை. சுற்றுலாவுக்காகச் சுருக்கப்படுகிறது என்பது யுனெஸ்கோவே குறிப்பிட்ட கவலை. உணவு விடுதியில் சாப்பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம் சுழன்று காட்டுவதை நாங்கள் செமாவில் சேர்ப்பதில்லை.

மார்க்கத்துல இது ஆகுமா ஆகாதா?

ஆயிரம் ஆண்டாக நடக்கும் வழக்கு இது. இங்கே தீர்ப்பு எழுத முடியாது. கஸ்ஸாலி நிபந்தனையோடு அனுமதித்தவர். காலமும் இடமும் கூடியிருப்போரும் சரியாக இருக்க வேண்டும் என்ற சூஃபி ஞானி ஜுனைத் பக்தாதியின் சொல்லை அவர் எடுத்தாள்கிறார். மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா கடுமையாக மறுத்தார். 1666 தடையின் பின்னணியும் இதே வாதம்தான்.

பொண்ணுங்க சுத்தலாமா?

ரூமி காலத்தில் பெண்களுக்கான ஸமா கூட்டங்கள் இருந்ததைப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் மடங்களில் சுழன்றவர்கள் ஆண்கள், பெண்கள் மாடத்திலிருந்து பார்த்தார்கள். இன்று இஸ்தான்புல்லிலும் மேற்கு நாடுகளிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து சுழலும் குழுக்கள் உண்டு. கோன்யாவின் அரசு நிகழ்ச்சியில் ஆண்களைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள்.

நம்ம நாகூர், ஏர்வாடி தர்காவிலெல்லாம் ஏன் இது இல்லை?

தரீக்கா வேறு. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் காதிரிய்யா வழி. தமிழகத்திலும் இலங்கையிலும் காதிரிய்யா, ஷாதுலிய்யா, ரிஃபாயிய்யா வழிகள் வேரூன்றின. கூட்டாக ஓதும் ராத்தீபும் திக்ர் மஜ்லிஸும் (சபையும்) புகழ் பாடும் மவ்லிதும் அவற்றின் வடிவங்கள். வட இந்தியச் சிஷ்திகளுக்கு ஸமா உண்டு, ஆனால் அது கவ்வாலி, உட்கார்ந்து கேட்பது. மெவ்லவிகள் உஸ்மானிய நிலப்பரப்புக்குள்ளேயே தங்கிவிட்டார்கள்.

ஒரு சொல் மட்டும் இரண்டு ஊரிலும் பொது. கந்தூரியை 'உரூஸ்' என்கிறோமே, அதன் பொருள் திருமணம். ரூமி மறைந்த இரவை மெவ்லவிகள் 'ஷெபி அரூஸ்', மணநாள் இரவு என்கிறார்கள். வலியின், அதாவது இறைநேசரின், மரணம் அவர் காதலனான இறைவனோடு சேர்ந்த நாள் என்ற அதே எண்ணம்.

கலர் கலர் பாவாடை கட்டிச் சுத்துறாங்களே, அது?

அது எகிப்தின் 'தன்னூரா'. சூஃபி வேர் இருந்தாலும் இன்று பெரும்பாலும் மேடைக் கலை. பாவாடையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றுவது அங்கேதான், மெவ்லவிகளிடம் கிடையாது. துருக்கியின் அலெவிகளுக்குச் 'செமாஹ்' என்ற இன்னொன்று உண்டு. பெயர் ஒலிப்பால் குழம்ப வேண்டாம். ஆணும் பெண்ணும் பாக்லமா என்ற நரம்புக்கருவியின் இசைக்கு வட்டமாக ஆடுவது அது.

கோன்யா போனா பார்க்க முடியுமா?

டிசம்பர் 17க்கு முந்தைய பத்து நாட்கள் பெருவிழா. அப்போது நுழைவுச்சீட்டும் தங்கும் அறையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். மற்ற மாதங்களில் மெவ்லானா பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். கைதட்டாதீர்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள். பிளாஷ் அடித்துப் படமெடுத்தால், மேலே சொன்ன கட்டைவிரல் பார்வையை நீங்களே கலைக்கிறீர்கள்.

வீட்டிலேயே கொஞ்சம் முயற்சி பண்ணலாமா?

உள்காதுக் கோளாறு, வலிப்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், முட்டிச் சவ்வுக் காயம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம். மற்றவர்கள் செய்யலாம், ஆனால் அது சுழல்வதன் ருசி பார்ப்பது மட்டுமே, செமா ஆகாது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வழவழப்பான தரை, மெல்லிய பருத்திக் காலுறை, சுற்றிலும் இரண்டு மீட்டர் வெற்றிடம். கம்பளத்தின் மேல் வேண்டாம். தரையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒட்டுத்தாள் ஒட்டி, இடது முன்பாதத்தை அதன்மேல் வையுங்கள். அதுதான் உங்கள் ஆணி. கைகளைத் தோளில் பின்னியபடி பத்தே சுற்று, ஒரே வேகத்தில். கடைசி மூன்றில் தணித்து நின்று, வலது கட்டைவிரலை இடது விரல்மேல் வைத்து, மூச்சு அடங்கும்வரை கட்டைவிரலையே பாருங்கள். ஒட்டுத்தாள் காலடியில் இருக்கிறதா என்று அதற்கப்புறம் பார்க்கலாம். குமட்டினால் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றுங்கள், அன்றைக்கு அத்தோடு போதும். வாரத்துக்கு ஐந்து சுற்று கூட்டினால் மிகை.

நல்லா சுத்துறவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிற்பதைப் பாருங்கள். செலாம் முடியும் கணத்தில் இசை மாற, அவர் ஷெய்கை நோக்கி நின்று பாதத்துக்கு முத்திரை வைத்துவிடுவார். பாவாடை மட்டும் நிற்காமல் இன்னும் ஒரு சுற்று ஓடி அவர் காலைச் சுற்றிக்கொள்ளும். அதற்குள் அவர் கைகள் தோளில் பின்னியிருக்கும். கால் தடுமாறாது, ஓரடி தள்ளிவைத்துச் சமாளிக்கமாட்டார். பிறகு இரண்டு மூன்று பேராகத் தோளோடு தோள் சாய்ந்து அடுத்த செலாமுக்குக் காத்திருப்பார்கள்.